ஆறு வயதில் ஒரு தண்டனை

இந்தியச் சிறைகளில் எந்தக் குற்றமும் செய்யாதவர்களும் வாழ்கிறார்கள். 2022 டிசம்பர் 31 அன்று நாட்டின் சிறைகளில் 1,537 பெண்கள் தங்கள் 1,764 குழந்தைகளோடு இருந்தார்கள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை. அந்தத் தாய்மார்களில் மிகப் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள்.

இந்தக் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதை ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே சொல்கிறது. பெண்கள் வார்டிலேயே வளர்ந்ததால் சில பையன்கள் பெண்பாலில் பேசுகிறார்கள். அம்மாவோடு கோர்ட்டுக்குப் போகும் வழியில் தெருவில் விலங்குகளைக் கண்டால் மிரள்கிறார்கள். அந்தத் தீர்ப்பு வகுத்த விதிகள் மனிதாபிமானம் மிக்கவை. குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது. பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என்று எழுதக் கூடாது. காப்பகமும் நர்சரியும் வேண்டும். ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம்.

சிக்கல் ஆறாவது பிறந்த நாளில் வருகிறது. அன்றிலிருந்து குழந்தை, தாய் விரும்பும் உறவினரிடமோ அரசு விடுதிக்கோ போக வேண்டும். வாழ்நாளெல்லாம் சிறைச்சுவருக்குள் இருந்துவிட முடியாது என்பதால் விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதுவரை அம்மாவைத் தவிர வேறு உலகம் அறியாத குழந்தைக்கு அது பிரிவின் முதல் நாள். நீதிபதிகளுக்கும் இது தெரிந்திருந்தது. கூடியவரை அதே ஊரில் உள்ள விடுதியில் சேர்க்க வேண்டும், வாரம் ஒரு முறையாவது தாயைச் சந்திக்க விட வேண்டும் என்றார்கள். ஆனால் வாரா வாரம் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துப் போவது யார்? வண்டி யாருடையது? அந்தச் செலவு எந்தக் கணக்கில்? சமூக நலத் துறைக்கும் சிறைத் துறைக்கும் நடுவே இந்தக் கேள்விகள் விழுந்துவிட்டால் உத்தரவு காகிதத்தில்தான் இருக்கும்.

ஆறு வயது விதியாவது உள்ளே இருக்கும் குழந்தைகளைப் பற்றியது. வெளியே இருப்பவர்கள்? 2022 இறுதியில் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 100க்கு 95 பேருக்கு மேல் ஆண்கள். அவர்களில் எத்தனை பேர் தகப்பன்மார், அவர்களுடைய பிள்ளைகள் எங்கே, எந்தப் பள்ளியில் என்பதை அந்த அறிக்கை சொல்வதில்லை. அரசின் புள்ளிவிவரத்தில் அந்தக் குழந்தைகளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அவர்கள் அப்பாவைப் பார்க்கும் இடத்துக்கு வட இந்தியச் சிறைகளில் முலாகாத் என்று பெயர், தமிழ்நாட்டில் மனு. பல சிறைகளில் நடுவே கம்பி வலை அல்லது கண்ணாடி. இருபுறமும் ஒரே நேரத்தில் பலர் கத்திப் பேசுவார்கள். பெரியவர்கள் வக்கீலைப் பற்றியும் ஜாமீனைப் பற்றியும் பேசி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். பல மைல் பஸ்ஸில் வந்த குழந்தைக்கு ஒரு முகம் தெரிந்தது, அவ்வளவுதான்.

இதை மாற்ற முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரச் சிறைகளில் நடந்த 'களாபேட்' நிகழ்ச்சிகளில் வலையும் கண்ணாடியும் இல்லாமல், கைதிகள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது. மராத்தியில் அந்தச் சொல்லுக்குத் தழுவிக்கொள்ளும் சந்திப்பு என்று பொருள். ஜெய்ப்பூர் அருகே சாங்கானேர் திறந்தவெளிச் சிறையில் தண்டனைக் கைதிகள் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். பகலில் வெளியே வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். 2020இல் கொரோனா நேரடிச் சந்திப்புகளை நிறுத்தியபோது வீடியோ முலாகாத் பரவலானது. பீகாரில் இருக்கும் பிள்ளைக்கும் டெல்லியில் அடைபட்ட தகப்பனுக்கும் அது பெரிய வரம். ஆனால் திரையைக் காட்டி நேரடிச் சந்திப்பைக் குறைத்தால் அதுவே சாபமாகிவிடும்.

விடுப்பில் ஒரு விசித்திரம் உண்டு. குடும்பத் தொடர்பு அறுந்துவிடாமல் காப்பது பரோலின் நோக்கங்களில் ஒன்று என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பரோல் தண்டனை பெற்றவர்களுக்குத்தான். கைதிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்கள் கோர்ட் படியேறி இடைக்கால ஜாமீன் கேட்க வேண்டும். குற்றம் நிரூபிக்கப்பட்டவன் சில நாள் வீட்டுக்கு வந்து மகளைப் பள்ளியில் விட்டுப் போகலாம். நிரூபிக்கப்படாதவனுக்கு அந்த வழியும் இல்லை.

பாதுகாப்பு என்ன ஆவது என்று சிறை அதிகாரிகள் கேட்பார்கள். கஞ்சாவும் செல்போனும் உள்ளே வருவது உண்மை. அதற்குச் சோதனை வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கும் அப்பாவுக்கும் நடுவே வலை வேண்டியதில்லை. எல்லாச் சந்திப்பும் குழந்தைக்கு நல்லதா என்பது இன்னும் கனமான கேள்வி. வீட்டுக்குள்ளேயே நடந்த கொலை, குழந்தையின் மீதே நடந்த கொடுமை என்றால் சந்திப்பைத் திணிக்கக் கூடாது. ஒவ்வொரு குழந்தையின் விருப்பத்தையும் நலத்தையும் விசாரித்து முடிவெடுக்க மாவட்டம்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் குழுவைச் சிறைவாசலுக்கு வரச் செய்தால் போதும்.

அடிப்படையில் மாற வேண்டியது பார்வை. சந்திப்பு என்பது நன்னடத்தைக்காகக் கைதிக்குத் தரும் சலுகை, தவறு செய்தால் பறிக்கும் சலுகை என்றே சிறை நிர்வாகம் நினைக்கிறது. அது குழந்தையின் உரிமையும்கூட. கைது செய்யும் நாளில் "பிள்ளைகள் உண்டா? யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று போலீஸ் கேட்டுப் பதிவு செய்யட்டும். பள்ளி விடுமுறை நாளில் சந்திப்பு நேரம் வைக்கட்டும். குழந்தைகளுக்கென்று ஓர் அறை, கீழே ஒரு பாய். புதிய கட்டடமோ புதிய சட்டமோ இதற்குத் தேவையில்லை. தண்டனைக்காலம் முடிந்து வெளியே வரும் மனிதனுக்கு வாசலில் காத்திருக்க யாராவது மிஞ்சியிருப்பார்களா என்பது இந்தச் சின்ன ஏற்பாடுகளில்தான் இருக்கிறது.