கீழ் முகாம்

கம்பத்திலிருந்து குமுளி செல்லும் சாலையில், கூடலூரைக் கடந்து மலையேறுமுன் நாம் காணும் சிற்றூர் லோயர் கேம்ப். பட்டிகளும் பாளையங்களும் நிறைந்த நம் பள்ளத்தாக்கில் இவ்வூருக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் வந்தது எவ்வாறு என்று சிறுவர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. மலைமேல் பணி செய்தோர் அடிவாரத்தில் தங்கிய 'கீழ் முகாம்' என்பதே அதன் பொருள். பணி முடிந்ததும் முகாம்கள் கலைவது இயல்பு. இதுவோ ஊராகவே நிலைத்துவிட்டது.

அப்பணியின் காரணத்தை மலையே கூறும். மலையின் மேற்குப் பக்கம் பெருமழை; கிழக்கே நம் பக்கம் மழைமறைவு. பெரியாற்று நீர் மேலைக் கடலுக்கு ஓடிக்கொண்டிருக்க, மதுரைச் சீமை 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சத்தில் வாடிற்று. அந்நீரைக் கிழக்கே திருப்பும் பொருட்டு 1886-இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. பொறியாளர் பென்னிகுவிக் 1887-இல் தொடங்கிய அணை 1895-இல் பயனுக்கு வந்தது.

மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் அந்நீர், இன்று நான்கு பெருங்குழாய்களில் இறங்கி, 1958-இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்தைச் சுழற்றுகின்றது. மின்நிலையம் ஓய்ந்திருக்கும் நாட்களில் இரைச்சல் பாலத்தில் ஆர்ப்பரித்து விழுகின்றது. பெயருக்கேற்ற பாலந்தான்! பின்னர் நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக வயல்களை நனைத்து வைகையை அடைகின்றது.

2013-இல் இவ்வூரில் பென்னிகுவிக்கிற்கு மணிமண்டபம் திறக்கப்பெற்றது. அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் நாளில் உழவர்கள் பொங்கலிடுகின்றனர். அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டியோரும் உளர். நன்றி மறவாமை நன்று. ஆயினும் அன்பர்களே, காட்டுக் காய்ச்சலாலும் காலராவினாலும் அம்மலைமேல் மடிந்த கூலியாட்கள் பலர். அணையருகே அவர்கள் புதைக்கப்பட்ட இடம் உண்டு. கல் சுமந்த அவர்களுடைய பெயரைச் சொல்லி எவர் வீட்டிலும் பொங்கல் பொங்குவதில்லை.

அவர்களுக்கு நாம் எழுப்பக்கூடிய மண்டபம் ஒன்றுண்டு. முதல் போகத்திற்கு மதகு திறக்கும் நாளில், வரப்பில் நிற்கும் நம் பிள்ளைகளிடம் இவ்வூரின் பெயர்க்காரணத்தைச் சொல்லுவோம். முகாம் என்றால் அதில் ஒருவர் மட்டும் தங்கியிருக்க முடியாது என்பது அவர்களுக்கு விளங்கும்.