இடைவெளியும் இனிப்பும்

அமெரிக்காவில் மினசோட்டாவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் எல்லையாக ஓடும் ரெட் நதியின் சமவெளியிலே, நாம் கறி சமைக்கும் பீட்ரூட்டின் வெண்ணிற இனமான சர்க்கரை பீட்டைக் குடியானவர்கள் 22 அங்குல இடைவெளியில் வரிசை பிடித்து விதைக்கிறார்கள். 1747-இல் பெர்லின் நகரத்து ரசாயன சாஸ்திரி மார்கிராஃப் அக்கிழங்கில் இருப்பது கரும்புச் சர்க்கரையே என்று நிரூபித்த பின்னர், விதை விருத்தி செய்தோர் பட்ட பிரயாசையால் அதன் இனிப்பு வெகுவாக உயர்ந்து, இன்று நல்ல கிழங்கின் எடையில் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு வரை சர்க்கரையாகவே இருக்கிறது. ஆயினும் அந்த இனிப்பு ஆலையில் சர்க்கரையாகக் கைக்கு வருவது, விதையை மாத்திரமன்றி, செடிகள் வயலில் எவ்வளவு சீராக நிற்கின்றன என்பதையும் பொறுத்தது.

முளை தவறிய இடத்தை அடுத்து நிற்கும் கிழங்கைப் பிடுங்கிப் பார்த்தால், அது பருத்து, கொண்டை அகன்று, காண்போர் மெச்சும்படிதான் இருக்கும். ஆனால் நெருங்கி வளர்ந்த அளவான கிழங்கைவிட அதில் இனிப்புக் குறைவு. சோடியம், பொட்டாசியம், அமினோ நைட்ரஜன் ஆகியவையோ அதிகம். சாற்றைக் காய்ச்சும்போது இவை சர்க்கரையின் ஒரு பகுதியைப் படிகமாகவிடாமல் தடுத்துக் கழிவுப்பாகோடு சேர்த்துவிடுகின்றன.

களையின் கதையும் இதனோடு பிணைந்ததே. பீட் குட்டையான செடி. இலை விரிந்து வரிசைகள் மூடிக்கொள்ளப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் அதன் நெருங்கிய உறவான சக்கரவர்த்திக் கீரை தலைக்குமேல் ஓங்கி வெயிலை மறைத்துவிடுகிறது. உறவாயிருப்பதாலேயே, பயிரை விட்டு அதை மட்டும் மருந்தால் அழிப்பதும் சிரமம். களையை அடியோடு கவனியாமல் விட்டால் மகசூலே மிஞ்சாமற் போகலாம். விதைத்து எட்டு வாரம் சென்றபின் முளைக்கும் களையால் பெரும்பாலும் கேடில்லை. களை குறைப்பது கிழங்கின் எடையைத்தான், சர்க்கரை வீதத்தை அன்று என்று சொல்வோர் உண்டு. அது பெரும்பாலும் மெய்யே. எனினும் களைக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை என்று அதிலிருந்து முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். களை நெரித்துக் கொன்ற நாற்றின் இடம் வெற்றிடமாகிறது. வெற்றிடத்தின் அருகே கிழங்கு இனிப்புக் குன்றிப் பருக்கிறது. வெயில் விழும் அந்த மண்ணிலேயே மறுபடியும் களை முளைக்கிறது.

ஆகவே எடையை மட்டும் பார்த்து விலை கொடுக்கும் ஆலை, இனிப்புக் குன்றிப் பருத்த கிழங்குக்கே வெகுமதி அளிக்கிறது. கிடைக்கும் சர்க்கரையைக் கணக்கிட்டு விலை வைப்பதே நியாயம். 1973-இல் ஆலைகளைத் தாங்களே விலைக்கு வாங்கிக் கூட்டுறவாக நடத்திவரும் ரெட் நதிக் குடியானவர்கள் அவ்வாறுதான் விலை பெறுகிறார்கள்.