சுவரும் ‘வியர்க்கும்’: புழுக்கத்தைக் குறிவைக்கும் புதிய சாயம்

சிங்கப்பூரில் வெயிலைவிட மக்களை வாட்டுவது புழுக்கம்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் உடலில் சுரக்கும் வியர்வை எளிதில் காய்வதில்லை. வெளிநாடுகளில் கைகொடுக்கும் வெப்பத் தணிப்பு முறைகள் சில இங்கு எடுபடாமல் போவதற்கும் அந்த ஈரமே காரணம்.

குளிர்விக்கும் வெண்சாயம் அதற்கோர் எடுத்துக்காட்டு. அது சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதோடு, சுவரின் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானுக்கு அனுப்புகிறது. வறண்ட ஊர்களில் இது நன்றாகவே வேலை செய்யும். இங்கோ, காற்றிலுள்ள நீராவி அக்கதிர்களை மறித்துவிடுகிறது.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025ல் ‘சயின்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிக்கலுக்கு வேறு வழி காட்டுகிறது. அவர்கள் உருவாக்கிய சிமெண்ட் சாயத்தில் நுண்துளைகள் நிறைந்துள்ளன. அவை நீரைப் பிடித்துவைத்து, மெல்ல மெல்ல ஆவியாக விடுகின்றன. மனிதத் தோல் செய்யும் அதே வேலை. நனைந்திருக்கும்போதும் 88 முதல் 92 விழுக்காட்டு ஒளியை அது திருப்பி அனுப்புகிறது. சோதனைக்காகக் கட்டப்பட்ட சிறு வீடுகளில், ஈராண்டு வெயில் மழைக்குப் பிறகு மற்றச் சாயங்கள் மஞ்சளடித்துவிட்டன. இது வெள்ளையாகவே இருந்தது. குளிரூட்டிக்கான மின்சாரமும் 30 முதல் 40 விழுக்காடு மிச்சமானது.

மின்கட்டணம் குறைவது நல்லதுதான். ஆனால், இதன் பெரிய பயன் வீட்டுக்கு வெளியே இருக்கக்கூடும். குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து தெருவுக்குத் தள்ளுகிறது. அந்தத் தெருவில் நாள் முழுவதும் நிற்பவர்கள் கட்டுமான, துப்புரவு ஊழியர்கள். அவர்களில் நம்மவர் பலர். வெப்ப அழுத்தக் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால், வெளிப்புறத்தில் கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்கு 10 நிமிட ஓய்வு கட்டாயம் என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதித்தது. அந்த ஓய்வு உடலைக் காக்கும். தெருவின் சூட்டைக் குறைக்காது.

சாயத்தால் தெருவின் சூடு குறையுமா? அதே பல்கலைக்கழகம், வேறொரு குளிர்ச்சாயத்தைத் தொழிற்பேட்டைக் கட்டடங்களின் கூரை, சுவர், அருகிலுள்ள சாலை ஆகியவற்றில் பூசிப் பார்த்தது. பிற்பகலில் காற்றின் வெப்பநிலை 2 டிகிரி வரை குறைந்தது. நடந்து செல்வோர் 1.5 டிகிரி வரை குளிர்ச்சியாக உணரமுடியும் என்பது 2024ல் வெளியான அதன் முடிவு.

வியர்க்கும் சாயத்துக்கு அப்படியொரு தெருச் சோதனை தேவை. சிறு வீட்டில் தேறியது, ஒன்றையொன்று மறைத்து நிற்கும் அடுக்குமாடி புளோக்குகளிலும் தேறுமா என்பதை அதுதான் சொல்லும்.