கையெழுத்துப் போடும் முன்: சிறுவர்களும் டாக்கிள் கால்பந்தும்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் பள்ளி மைதானங்களில் ஹெல்மெட்டுகள் மோதும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது அந்த வரிசையில் நிற்கிறார்கள். சென்ற ஆண்டு, "எல்லாரும் சேர்றாங்கப்பா" என்று என் பத்து வயது மகன் ஒப்புதல் படிவத்தை நீட்டினான். அதில் கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி பற்றி ஒரு பக்கம் இருந்தது. தலைச்சுற்றல், வாந்தி, மறதி இருந்தால் உடனே சொல்ல வேண்டுமாம். தேவையான பக்கம்தான். ஆனால் நாம் அறிய வேண்டியதில் பாதிகூட அதில் இல்லை.

அந்தப் பக்கம் சும்மா வந்துவிடவில்லை. 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன், தலையில் அடிபட்ட பிறகும் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கினான். மூளையில் ஏற்பட்ட காயம் அவன் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. 2009இல் அவன் பெயரால் அங்கு ஒரு சட்டம் வந்தது. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் எழுந்தாலே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். மருத்துவத் துறையினரின் எழுத்து அனுமதியின்றித் திரும்ப இறக்கக் கூடாது. ஐந்தாண்டுகளுக்குள் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. அவற்றால் தப்பிய உயிர்கள் உண்டு. ஆனால் இவையெல்லாம் வெளியே தெரியும் அடிக்கான சட்டங்கள்.

சிக்கல் வெளியே தெரியாத அடிகளில் இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., 6 முதல் 14 வயதுக்குட்பட்ட வீரர்களின் பற்காப்பில் உணர்கருவி பொருத்திக் கணக்கெடுத்து, 2021இல் முடிவை வெளியிட்டது. டாக்கிள் ஆடும் சிறுவனின் தலை ஒரு பருவத்தில் வாங்கிய அடிகளின் இடைநிலை எண்ணிக்கை 378. இடுப்பில் தொங்கும் பட்டையைப் பிடுங்கி ஆட்டத்தை நிறுத்தும் ஃபிளாக் கால்பந்தில் அது வெறும் 8. இவற்றில் பெரும்பாலானவை மயக்கமோ வலியோ தராதவை. எனவே எந்தப் படிவத்திலும் ஏறாதவை. ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது.

இப்படிக் குலுங்கிக் குலுங்கி வருவதுதான் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய். உறுதியாகக் கண்டறிவது இறந்த பிறகே. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், மோதல் விளையாட்டுகளில் ஈடுபட்டு 30 வயதுக்குள் இறந்த 152 பேரில் 63 பேரின் மூளையில் இந்நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்கள் அல்லர். ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: சந்தேகமுற்ற குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் தருகின்றன. ஆகவே ஆடுகிற பத்துப் பேரில் நான்கு பேருக்கு இந்நோய் வரும் என்று இதை வாசிக்கக் கூடாது. அப்படிப் பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்திகளையும் நம்ப வேண்டாம்.

சட்டம் போட்டுத் தடுக்கும் முயற்சிகளும் நடந்தன. 12 வயதுக்குட்பட்டோருக்கு டாக்கிளைத் தடை செய்யும் மசோதா 2018இல் இல்லினாயில் கைவிடப்பட்டது. கலிபோர்னியாவில் 2024 ஜனவரியில் அதேபோன்ற மசோதா ஒரு குழுவைத் தாண்டிய சில நாள்களில், தடைச் சட்டத்தில் கையெழுத்திட மாட்டேன் என்று ஆளுநர் கேவின் நியூசம் அறிவித்துவிட்டார். எதிர்த்தவர்களை ஒதுக்கிவிட முடியாது. வசதி குறைந்த பல குடும்பங்களுக்கு இந்த ஆட்டம் ஒழுங்கு, நட்பு, கல்லூரிக் கனவு எல்லாம்தான். முடிவு பெற்றோருடையது என்றார்கள். சரி, ஆனால் 378 அடிகளைப் பற்றி யாரும் சொல்லாமல் பெற்றோர் எதை வைத்து முடிவெடுப்பது?

சிறு வயதில் தொடங்காவிட்டால் பின்தங்கிவிடுவான் என்ற வாதமும் எனக்கு ஒப்பவில்லை. டாம் பிரேடி அணியில் சேர்ந்து ஆடத் தொடங்கியதே உயர்நிலைப் பள்ளியில்தான். ஃபிளாக் கால்பந்தோ 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலேயே இடம்பெறுகிறது.

டாக்கிளில்தான் சேர்ப்பேன் என்பவர்கள் பயிற்சியாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நிமிடம் முழு மோதல் பயிற்சி? 2021 முதல் நடப்பிலுள்ள கலிபோர்னியாச் சட்டப்படி வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 30 நிமிடம், அதற்கு மேல் கூடாது. உங்கள் மாநிலத்தில் அப்படி விதி இல்லாவிட்டாலும் கேட்கலாம்.

என் மகன் இப்போது ஃபிளாக் ஆடுகிறான். டாக்கிளைப் பற்றி ஒன்பதாம் வகுப்பில் மறுபடி பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். அவன் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான்.