விதியா, விண்ணப்பமா?

"எங்கள் பிள்ளைக்குச் சர்வகலாசாலைப் படிப்பு தலையில் எழுதவில்லை" என்று கேமரன் மலைத் தோட்டங்களிலே பெற்றோர் சொல்லக் கேட்கிறோம். தோழர்களே! தலையெழுத்து இருக்கட்டும், விண்ணப்பத்தில் எழுதினீர்களா?

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளியைத்தான் தந்தது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியபோதும் அதற்கு மேலே கொழுந்துக் கூடைதான். மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்ததே 1949-இல், அதுவும் சிங்கப்பூரில். இன்றோ எஸ்.பி.எம். தேறியவர்க்கு ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், டிப்ளமா எனப் பல வழிகள் உண்டு.

அவை எல்லோர்க்கும் சமமாகத் திறந்துள்ளன என்று நாம் பொய் சொல்லோம். மெட்ரிகுலேஷனில் நூற்றுக்கு 90 இடம் பூமிபுத்திரர்க்கென ஒதுக்கப்பட்டதை யாவரும் அறிவர். 10 ஏ பெற்றவர்க்கு இனபேதமின்றி இடமுண்டு என்று அரசாங்கம் அறிவித்ததே 2024-இல்தான். எனினும், மனுவே போடாதவன் மறுக்கப்பட்டதாக முறையிட முடியுமா?

குற்றம் தோட்டத்தார்மேல் மட்டுமன்று. மலாய் மொழியிலே, இணையத்திலே, குறித்த நாளுக்குள் நிரப்ப வேண்டிய விண்ணப்பத்தை, ஆரம்பப் பள்ளியோடு நின்ற தாய் எங்ஙனம் விளங்கிக்கொள்வாள்? கல்வியின் பெருமையை மேடையில் முழங்கும் பட்டணத்துப் பட்டதாரிகளே! மாலையும் கைதட்டலும் போதும். பரீட்சை முடிவு வந்த வாரத்தில் ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் ஏறி வாருங்கள். ஒரு பிள்ளையின் அருகே உட்கார்ந்து பாடப் பிரிவுகளை விளக்குங்கள். இடம் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கும் துணை நில்லுங்கள்.

கேட்டும் கிடைக்காதது அநீதி. அதை எதிர்த்துப் போராடலாம். கேளாமலே இழந்ததற்கு யாரோடு போராடுவது?