தூங்கும் பூனையின் மூச்சை எண்ணுங்கள்!

பழவேற்காடு ஏரிக்கரையில் மீன் கூடை இறங்கினால் பூனைகளும் வந்துவிடும். துள்ளித் திரியும் பூனைக்கும் இதயத்தசை தடித்துப்போயிருக்கலாம். ‘ஹைபர்டிராபிக் கார்டியோமயோபதி’ எனும் இதுதான் பூனைகளை அதிகம் தாக்கும் இதயநோய். ஸ்டெதாஸ்கோப்பில்கூடச் சிக்காமல் போகலாம். எக்கோ ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். இடது கீழறைச் சுவரின் தடிமன் 6 மில்லிமீட்டரைத் தொட்டால் டாக்டர்கள் உஷாராவார்கள்.

கவனிக்காமல் விட்டால்? இதயத்தில் உருவாகும் ரத்தக்கட்டி, பின்னங்கால்களுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்து, திடீரெனப் பூனையை முடக்கிவிடலாம். முன்பே தெரிந்தால், அந்த ஆபத்தைக் குறைக்க மாத்திரை உண்டு.

பூனை தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அடிக்கடி 30-ஐத் தாண்டினால், சுமார் 60 கி.மீ. தள்ளி, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்கோ பார்க்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவசரம். பக்கத்திலுள்ள கால்நடை டாக்டரிடம் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.