தடாகம் ரோட்டில் ஒரு பழைய பாக்கி

சித்திரை கடைசியில் ஒரு நாள், ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் கீரைக்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து கேட்டார்: "ஏனுங்க, உங்ககிட்ட மலைச் சாமை கிடைக்குங்களா?"

"கீரையும் முருங்கையுந்தானுங்க கொண்டாறேன்" என்றேன்.

"அந்தக் கடையில மலைச் சாமைன்னு பாக்கெட்ல போட்டு விக்கறாங்க. எந்த மலைன்னு கேட்டா அவிங்களுக்கே தெரியலைங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சாமை எந்த மலையோ, எனக்குத் தெரிந்த ஒரு சாமைக்காரர் ஆனைகட்டிக்கு மேலே இருந்தார். அவருக்கு நான் ஒரு பாக்கி வைத்திருந்தேன். எட்டரைக்கெல்லாம் கடையைக் கட்டிவிட்டு, தடாகம் ரோட்டில் ஆனைகட்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன். சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஊருக்கு நான் போய் இருபது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆர்.எஸ்.புரம் என்றால் ரத்தினசபாபதிபுரம். கோவை நகராட்சித் தலைவராக இருந்த திவான் பகதூர் சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார் பெயர் அது. டி.பி. ரோடு என்று நாம் சொல்வதும் அவருடைய பட்டத்தைத்தான். சிறுவாணித் தண்ணீரை மலையிலிருந்து கோவைக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். ஆக, ஆர்.எஸ்.புரத்தின் பெயரிலேயே ஒரு மலை இருக்கிறது. நகரம் மலையிடம் வாங்கியதில் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்தத் தண்ணீர் ஒன்றைத்தான். சொல்லாமல் விட்டது தடாகம் ரோட்டில் கிடக்கிறது.

இடையர்பாளையம், கணுவாய் தாண்டினால் பள்ளத்தாக்கு விரியும். சின்னத்தடாகம், வீரபாண்டி, நஞ்சுண்டாபுரம், சோமையம்பாளையம், பன்னிமடை என்று ஐந்து ஊராட்சிகள். நாட்டுச் சோளமும் கடலையும் விளைந்த செம்மண் பூமி. கோவையில் வீடு கட்டிய எவரையும் கேளுங்கள், "தடாகம் சேம்பர் கல்லு" என்பார்கள். அந்தக் கல் இந்த மண்தான். பட்டா நிலம், ஓடைக்கரை, மலையடிவாரம் என்று பார்க்காமல் பனைமர ஆழத்துக்குத் தோண்டினார்கள். சூளையில் எரிக்கக் கொண்டுவந்த பனந்துண்டுகளைத் தின்று ருசி கண்ட யானைகள் ஊருக்குள் வரப் பழகின. ஊர்க்காரர்கள் சிலர் வருசக்கணக்கில் போராடி, வழக்கு நடத்தி, கடைசியில் 2021இல் 170க்கும் மேற்பட்ட சூளைகளை மூட உத்தரவு வந்தது. மூடியதும் மண்வெட்டு நிற்கவில்லை. பேரூர், ஆலாந்துறைப் பக்கம் நகர்ந்தது. அதுவும் உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

பஸ் ஜன்னல் வழியே அந்தக் குழிகளைப் பார்க்கும்போது எனக்கு வேறு ஒரு கணக்கு ஓடியது. வங்கியில் இருந்த காலத்தில் எத்தனை வீட்டுக்கடன் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பேன்! ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 20,000 செங்கல் என்று எழுதியிருக்கும். ஒரு கல் 3 கிலோ என்றால் 60 டன். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மண்ணை மட்டும் சுரண்டினால் ஏறக்குறைய 100 கன மீட்டர், 130 டன்னுக்கு மேல் வரும். அதாவது, இரண்டு வீட்டுக்கு ஓர் ஏக்கரின் ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். எஸ்டிமேட்டில் கல்லின் விலை இருந்தது, மணலின் விலை இருந்தது, லாரி வாடகை இருந்தது. மண்ணின் விலை என்று ஒரு வரி எந்த எஸ்டிமேட்டிலும் நான் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை.

நம்மவர்களையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மண்ணில் ஒரு பகுதி விவசாயிகள் தங்கள் கையால் விற்ற மண். "வெள்ளாமையில பத்து வருசத்துல பாக்காத காசு, மண்ணு வித்து ஒரே வருசத்துல பாத்தனுங்க" என்று ஒருவர் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் தோட்டத்து மோட்டார் ரூமும் தடாகம் கல்லில் கட்டியதுதான்.

மாங்கரைச் சோதனைச் சாவடி தாண்டி மலை ஏறி, ஆனைகட்டியில் இறங்கினேன். அங்கிருந்து ஜீப்பிலும் நடையுமாக ஓர் இருளர் ஊர். நான் தேடிப்போன பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டது. என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிசம் ஆயிற்று.

"பேங்க் சாரு!"

2000க்குச் சற்று முன்பு, தடாகம் பக்கத்துக் கிளை ஒன்றில் நான் மேலாளர். இவர் ராகியும் சாமையும் போட பயிர்க்கடன் கேட்டு வந்தார். பட்டா இல்லை. ஜாமீன் போட ஆள் இல்லை. திருப்பி அனுப்பினேன். அதே வாரத்தில் ஒரு சூளைக்காரருக்குக் கேஷ் கிரெடிட் வரம்பை உயர்த்தினேன். அவரிடம் அடமானம் இருந்தது, தினமும் வரவு இருந்தது. விதிப்படி இரண்டும் சரி. மண்ணைச் சுட்டு விற்பவருக்குக் கடன் கிடைத்தது, மண்ணில் விதைக்கிறவர் வெறுங்கையோடு மலை ஏறினார். ஓய்வு பெற்று நானே மண்ணைத் தொட்ட பிறகுதான் அந்த இரண்டு கையெழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்று உறுத்த ஆரம்பித்தன.

"அன்னிக்கு உங்களைத் திருப்பி அனுப்பிட்டனுங்கண்ணா" என்றேன்.

"அதா? டீ வாங்கிக் குடுத்துத்தான சார் அனுப்புனீங்க" என்றார். அவருக்கு அந்த டீதான் ஞாபகம் இருக்கிறது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சாமை இப்போது அரை ஏக்கருக்கும் கீழேதான். பன்றியும் யானையும் விடுவதில்லை, பரண் போட்டு ராக்காவல் இருக்கப் பிள்ளைகள் இல்லை. மகன்களில் ஒருவர் நகரத்தில் கட்டட வேலை, இன்னொருவர் சூளை வேலைக்குப் போனவர். சூளை மூடியது நல்லதுதானே என்று நான் சொன்னதும் மருமகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "மண்ணுக்கு நல்லதுதானுங்க சார். வாரக்கூலி நின்னு போச்சு, அதுக்கு என்ன வழின்னு யாரும் சொல்லலைங்களே." நியாயமான கேள்வி. சூளையை மூடச்சொல்லிக் கொடி பிடித்த நாம், மூடிய மறுநாள் அடுப்பு எரிய என்ன செய்தோம்?

அரைக்கிற விசயம் இன்னும் மோசம். சாமையின் உமி நீக்கப் பக்கத்தில் இயந்திரம் இல்லை. உரலில் குத்த முடிந்த அளவு வீட்டுக்கு, மீதி முழுத்தானியமாக வியாபாரிக்கு. அவர் கொடுத்த விலையைக் கேட்டுக்கொண்டேன். ஆர்.எஸ்.புரம் பாக்கெட்டில் அதுபோல மூன்று மடங்குக்கு மேல். உமி போனால் எடை குறையும், அரைவைக் கூலி உண்டு. அதையெல்லாம் கழித்தாலும் பாதிக்குப் பாதி இடைவழியிலேயே நின்றுவிடுகிறது.

சாயங்காலம் திரும்பும்போது கொடுங்கரைப் பள்ளத்தைப் பார்த்தேன். அந்தத் தண்ணீர் பவானியில் சேருகிறது, பவானி பில்லூருக்கு வருகிறது, பில்லூரிலிருந்து கோவைக்குக் குடிநீர் வருகிறது. தண்ணீர், மண், தானியம், ஆள் என்று நாலும் மலையிலிருந்து இறங்குகின்றன. மேலே ஏறுவது என்ன? ரேசன் அரிசி, பிளாஸ்டிக், ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாக் கார்கள். எந்தப் பேரேட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருந்தால் தணிக்கையாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்.

"மலை மக்களுக்கு உதவ வேண்டும்" என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. உதவி என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. இது பாக்கி. இந்தப் பாக்கியை அடைக்க அரசு வரட்டும், நகரம் வரட்டும் என்று காத்திருக்காமல், இயற்கை உழவர்களாகிய நாமே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. நகரத்துச் சமையலறைக்கும் மலைக்காட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது நாம்தான். மூன்று காரியம் சொல்கிறேன்.

ஒன்று, முன்பணம். அறுவடைக்குப் பிறகு போய் விலை பேசினால் நாமும் வியாபாரிதான். விதைப்புக்கு முன்னால் பேச வேண்டும். பத்து உழவர்கள் சேர்ந்து ஒரு மலையூரில் பத்துக் குடும்பத்தோடு ஆடிப்பட்டத்துக்கு முன்பே விலையை முடிவு செய்து, உழவுக்கும் காவலுக்கும் ஆகிற கூலியை முன்பணமாகக் கொடுக்கலாம். மழை ஏமாற்றினாலோ, யானை புகுந்தாலோ அந்த நட்டத்தில் பாதி நம்முடையது என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பாதியை ஏற்கவில்லையென்றால் அது பங்காளித்தனம் ஆகாது. அந்த ஊரிலேயே ஒரு சிறிய உமி நீக்கும் இயந்திரம் நின்றால், சூளைக்கூலி போன வீட்டில் ஒருவருக்காவது வேலை இருக்கும்.

இரண்டு, வங்கி. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்த பிறகு, அனுபவத்தில் இருக்கும் காட்டு நிலத்துக்கு உரிமை ஆவணம் பெற வழி இருக்கிறது. அதை விற்க முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. அதைச் சொல்லித்தான் அதிகாரிகள் தட்டிக்கழிப்பார்கள். ஆனால் விவசாயக் கடனுக்கு 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை அடமானமே கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு முன்பு அந்த வரம்பு 1.6 லட்சம். கிசான் கார்டு விண்ணப்பத்தோடு அவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். நம்மில் விவரம் தெரிந்த ஒருவர் கூடவே போய் மேலாளர் முன்னால் உட்காருங்கள். கூட ஆள் இருந்தால் மேலாளர் எப்படிப் பேசுவார், இல்லாவிட்டால் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். இரண்டு விதமாகவும் நான் பேசியிருக்கிறேன்.

மூன்று, நம் மண். ரசாயனம் போடாமல், பலதானியம் விதைத்து, மூடாக்குப் போட்டு மண்ணை உயிராக்கிக்கொண்டிருக்கிறோம். கடன் நெருக்கும்போது, பிள்ளை கல்யாணம் வரும்போது, லாரிக்காரர் வந்து "மேட்டு நிலத்துல ரெண்டடி மட்டும் எடுத்துக்கறங்க" என்பார். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்வதுதான் இயற்கை விவசாயம். அந்த நெருக்கடியில் இருக்கும் உழவருக்குச் சக உழவர்கள் கைமாற்றாவது கொடுக்க முடியாவிட்டால், நம் கூட்டங்களில் மண்வளம் பேசி என்ன பிரயோசனம்?

அன்றைக்குப் பெரியவரிடம் விதைக்கும் உழவுக்குமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கத் தயங்கினார். "வட்டி எவ்வளவு சார்?" என்று கேட்டார்.

"வட்டி நான் கட்டணுங்கண்ணா. இருபது வருசத்துக்கு மேல பாக்கி" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

சாமைக்குத் தொண்ணூறு நாள் போதும். மழை பெய்து, பன்றி விட்டுவைத்தால், அந்த அம்மா அடுத்த முறை கேட்கும்போது எந்த மலை, எந்த ஊர், யார் வீட்டுக் காடு என்று சொல்லித் தருவேன். விளையாமல் போனாலும் அதையும் சொல்லத்தான் போகிறேன்.